துண்டுக்கு அடியில வேற ஆளு

...அதைத்தான் நானும் கேக்கறேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க? "அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்லை"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூஞ்சியில துண்டைப் போட்டுக்கிட்டு இந்தப் போட்டு மேல்தட்டுல மல்லாந்து படுத்திருக்கீங்க. அதே நீலத் துண்டு. போட்டுக்காரங்க எல்லாருக்கும் ஒரே நிறத்துல குடுத்தா நான் என்னத்தைக் கண்டேன்? அதே தொப்பை வேற. தப்பா நினைக்காதீங்க, இருக்கறதைத்தானே சொல்றேன்.

போன தீவுல கிளம்பினதுல இருந்து வாய் ஓயாமப் பேசிட்டு வரேன். என் நாத்தனார் வீட்டு விஷயம் பூரா உங்ககிட்ட கொட்டிட்டேன்! அவ மருமகளைப் பத்திச் சொன்னேனே... அய்யோ, அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நடுவுல நீங்க "ம்"ன்னு வேற சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா? அவரும் அதேதான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்குக் கிடைச்ச பதில் அந்த "ம்" ஒண்ணுதான். அப்புறம் எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? வெயில்ல தோலு உரியுதே, கொஞ்சம் கிரீம் தடவி விடலாம்னு துண்டை இழுக்கறேன்... உள்ள மீசை! எங்க வீட்டுக்காரருக்கு மீசையே கிடையாதுங்க!

இனிமே உங்களை அண்ணேன்னே கூப்பிடறேன். அவ்வளவு திட்டினதுக்கப்புறம் அதுதான் மரியாதை.

பாருங்க அண்ணே, இந்தக் கூட்டம் பூரா என்னை எப்படி முறைக்குதுன்னு. போட்டைத் திருப்பினதால கடைசித் தீவு போச்சாம். சூரியன் மறையறதை போட்டோ எடுக்க முடியாதாம். சூரியன் எங்க போகப்போகுது, நாளைக்கும் மறையும்! என் புருஷன் அந்தப் போன தீவுல அரை டிராயரோட நிக்கறாரு. கண்ணாடி இல்லை, செருப்பு இல்லை, போன் இல்லை. எல்லாம் என் பையில இருக்கு. பிரஷர் மாத்திரை கூட என் பையிலதான். நீச்சலும் தெரியாது. தெரியாதுன்னா... தெரியும்னு ஒருதரம் சொன்னாரு, நான்தான் நம்பல.

எல்லாம் எங்க மகளால வந்தது. "அம்மா, நீயும் அப்பாவும் ஒரு நாள் போட்டுல தீவு தீவா சுத்திட்டு வாங்க, ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க"ன்னு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டா. பேசறதுக்கு என்ன குறைச்சல்? நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன். செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான், இருந்தாலும் ஊதறேன்ல?

முதல் தீவுல முழங்கால் தண்ணி போதும்னு அவரை நிறுத்தினேன். ரெண்டாவது தீவுல, முகமூடி மாட்டித் தண்ணிக்கடியில மீன் பாக்க யார் வரீங்கன்னு அந்தக் கைடு கேட்டான். இவரு கையைத் தூக்கறாரு! இந்த வயசுல மீனைப் பாத்து என்ன பண்ணப் போறாரு? தூக்கின கையைப் புடிச்சு நான்தான் இறக்கினேன். வாயே திறக்கல. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நின்னாரு. எனக்கு அதுவும் எரிச்சல். ஏன், "நான் போவேன்"னு சண்டை போடறது!

சரி, தப்பு யாரு மேல, சொல்லுங்க. போட்டுக்காரன் மேலதானே? ஏணிகிட்ட பலகை அடிச்சு, ஆணி ஆணியா வச்சிருக்காங்களே. கரையில இறங்கும்போது அவங்கவங்க டோக்கனை அதுல மாட்டணுமாம், திரும்ப ஏறும்போது எடுத்துக்கணுமாம். டோக்கன் தொங்கினா ஆளு கரையிலன்னு அர்த்தம், போட்டு நகராது. பெரிய ஏற்பாடு! கேட்டா, பலகை காலியா இருந்துச்சுன்னு என்கிட்டயே திருப்பிச் சொல்றான். பலகை காலின்னா ஆளு வந்தாச்சா? ஆளைப் பாக்க வேண்டாமா?

என்ன பாக்கறீங்க? ...ஆமா, நான்தான் எடுத்தேன். ரெண்டையும் எடுத்தேன். பின்ன? அவரு மறந்துடுவாரு. அவரு எதைத்தான் ஞாபகமா செஞ்சிருக்காரு? டாக்டர் அவரைப் பாத்து "எங்க வலிக்குது"ன்னு கேட்டா, நான்தான் சொல்றேன். ஓட்டல்ல அவருக்கு என்ன வேணும்னு நான்தான் சொல்றேன். டோக்கனை மட்டும் விட்டுடுவேனா?

மூணாவது தீவுல என்னமோ சொன்னாரு. நான் பேசிட்டு இருக்கும்போது குறுக்க... "அந்தப் பாறை வரைக்கும் நடந்துட்டு வரேன்"னு. அப்படித்தான் இருக்கணும். நான் "சரி சரி"ன்னுட்டு நாத்தனார் கதையை விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தேன். திரும்பிப் பாக்கல.

அண்ணே, துண்டை மறுபடியும் மூஞ்சியில போட்டுக்காதீங்க! பயமா இருக்கு எனக்கு. பயத்துலதான் இப்படிப் பேசறேன். நிறுத்தினா அழுதுடுவேன். போட்டைத் தேடிக்கிட்டுத் தண்ணியில இறங்கியிருந்தாருன்னா? கண்ணாடி இல்லாம அவருக்குக் கரை எது, கடல் எதுன்னு...

அதோ! கரை தெரியுது. குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடறாங்களே, அந்த இடம்தான். அங்க உக்காந்திருக்கறது... அவருதான்! அவரேதான்! அப்பாடா... நல்லாத்தான் இருக்காரு. தலையெல்லாம் ஈரம். நீந்தியிருக்காரு மனுஷன்! இருக்கட்டும், ஏறட்டும், வச்சுக்கறேன்.

கையை எதுக்கு அப்படி ஆட்டறாரு? நம்மளைக் கூப்பிடறாரோ? இல்லையே, இந்தப் பக்கம் பாக்கவே இல்லை. குடைக்காரரைப் பாத்து...

அண்ணே, அவரு பேசறாருண்ணே.

ரெண்டு கையையும் விரிச்சு எதையோ காட்டறாரு பாருங்க. குடைக்காரரு வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு. இன்னும் சொல்றாரு, எழுந்து நின்னு நடிச்சுக் காட்டறாரு! இவருக்கு இதெல்லாம் வருமா? என்கிட்ட ஒரு நாள் கூட... நான் எங்க விட்டேன்.

ஏம்ப்பா, ஹாரன் அடிக்காதே... அடிச்சுட்டியா.

திரும்பிட்டாரு. போட்டைப் பாத்துட்டாரு. அவ்வளவுதான் அண்ணே, வாயை மூடிட்டாரு. பாதிக் கதையில குடைக்காரரு காத்துக்கிட்டு நிக்கறாரு பாருங்க.

போட்டு ஓட்டறவரே... உங்களைத்தான். அவசரம் ஒண்ணும் இல்லைங்க. இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்.