நாற்பது பிரசவம் பார்த்த டாக்டரம்மா

மாணவி: ...அதுக்குத்தான் கையை வயித்து மேல வெச்சிருக்கேன்க்கா. கல்லு மாதிரி இறுகுனதும் நேரம் குறிக்கணும். வலி வந்தா சொல்லுங்க.

அக்கா: நான் சொல்லவே வேண்டாம். வார்டுக்கே கேக்கும்.

மாணவி: பயப்படாதீங்க.

அக்கா: நான் எங்க பயந்தேன்? உன் கைதான் நடுங்குது. உள்ள இருக்கிறது நிலநடுக்கம்னு நினைச்சுக்கப் போகுது.

மாணவி: அது... ஏசி.

அக்கா: ஏசியா? இங்க ஃபேனே ஓடலையே! சரி, இதுவரைக்கும் எத்தனை பிரசவம் பாத்திருக்கே, டாக்டரம்மா?

மாணவி: ஒரு... நாப்பது.

அக்கா: நாப்பதா! இந்த வயசுலயா?

மாணவி: நாப்பத்தஞ்சுகூட இருக்கும். சரியா எண்ணல.

நர்ஸ்: ஏம்மா புது டாக்டர்! வலது கை உறையை இடது கையில மாட்டியிருக்கே. முதல் நாளே இப்படின்னா மிச்ச நாளெல்லாம் என்ன பண்ணப் போறே?

அக்கா: முதல் நாளா?

மாணவி: ...சிஸ்டர் எல்லாரையும் அப்படித்தான் சொல்வாங்க.

அக்கா: அப்ப அந்த நாப்பது?

மாணவி: புத்தகத்துல. படம் போட்டிருந்துச்சு.

அக்கா: ஐயோ, சிரிக்க வைக்காதே, எனக்கு... ஆ... வருது, வருது!

மாணவி: வந்துடுச்சா? சிஸ்டர்!

அக்கா: வலி! வலி வருது! நீ கடிகாரத்தைப் பாரு!

மாணவி: பாக்கறேன்... பத்து... இருபது... மூச்சு விடுங்கக்கா...

அக்கா: முதல்ல நீ விடு. முகமெல்லாம் சிவந்துபோச்சு.

மாணவி: நாப்பத்தஞ்சு செகண்ட்... அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். நான் முழுசா ஒரு பிரசவம்கூடப் பாத்ததில்ல. காலையில பக்கத்துக் கட்டில்ல ஒண்ணு... பாதியிலயே கண்ணைக் கட்டிடுச்சு. ஸ்டூல்ல உக்கார வெச்சு முகத்துல தண்ணி தெளிச்சாங்க. வேற யாரையாவது உங்ககிட்ட அனுப்பச் சொல்லட்டுமா?

அக்கா: ...எதுக்கு? இங்கேயே இரு. எனக்கு இது மூணாவது. எல்லாம் பழக்கம்தான். நீ சும்மா பக்கத்துல நின்னாப் போதும்.

மாணவி: மூணாவதா! அப்பாடா... ஐயோ!

அக்கா: இப்ப என்ன ஐயோ?

மாணவி: மூணாவதுன்னா சட்டுனு பொறந்துடுமாம். தும்மினாக்கூட வந்துடும்னு சார் சொன்னார். தும்மிடாதீங்கக்கா!

அக்கா: தும்மல, போதுமா?

மாணவி: மூத்தது என்ன படிக்குது?

அக்கா: அஞ்சாவது. சரியான வாலு.

மாணவி: அடுத்தது?

அக்கா: பொண்ணு. அவளும் அஞ்சாவ...

மாணவி: ரெட்டைப் பிள்ளைங்களா?

அக்கா: வலியில கிடக்கறவகிட்ட வகுப்புக் கணக்கா கேப்பே? ஆ... அடுத்த வலி... கையைக் கொடு!

மாணவி: இந்தாங்க... ஆ! அக்கா, விரல்! விரல்!

அக்கா: இன்னும் ஒன்பது இருக்குல்ல, பொறுத்துக்கோ!

மாணவி: ...அக்கா, மணி நாலாச்சு. காலையில பதினோரு மணியில இருந்து உக்காந்திருக்கோம். மூணாவதுக்கு இவ்வளவு நேரமா ஆகும்?

அக்கா: அவங்கப்பா மாதிரி போல. கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லும், கிளம்பாது.

மாணவி: சிஸ்டர்! பத்து நிமிஷத்துல நாலு வலி! அக்காவுக்கு இது மூ...

அக்கா: மூச்சு! மூச்சு வாங்குது சிஸ்டர்!

நர்ஸ்: வாங்கத்தான் செய்யும். நகரு, பாக்கறேன்... அட, கர்ப்பப்பை வாய் முழுசா திறந்தாச்சு. தலையும் தெரியுது. டாக்டர் வந்துக்கிட்டே இருக்காங்க. ஏம்மா, நீ தலைமாட்டுல போய் இவங்க தோளைத் தாங்கிக்கோ. மயக்கம் வந்தா சொல்லிட்டு விழு.

அக்கா: என்னால முடியல... நிஜமா முடியல...

மாணவி: முடியும்க்கா. ரெண்டு தடவை செஞ்சதுதானே! என்னைப் பாருங்க. தாடையை நெஞ்சோட சேர்த்து... முக்குங்க! இன்னும்... இன்னும் கொஞ்சம்...

அக்கா: விட்டுட்டுப் போயிடாதே!

மாணவி: எங்கயும் போகல. நீங்க முக்குங்க!

நர்ஸ்: தலை வந்தாச்சு... தோள்... அவ்வளவுதான்! பொண்ணு!

மாணவி: அழறாக்கா! எப்படிக் கத்தறா பாருங்க!

நர்ஸ்: அவ அழறது சரி. நீ எதுக்கும்மா அழறே?

மாணவி: நான் விழல சிஸ்டர்! பாத்தீங்களா, நின்னுக்கிட்டே இருக்கேன்!

நர்ஸ்: நின்னது போதும். வெளியே போய் இவங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வா. தலைப்பிரசவம் இல்லையா, மனுஷன் நடந்து நடந்தே வராந்தாவைத் தேய்ச்சுட்டார்.

மாணவி: தலைப்பிரசவமா? அக்கா... அஞ்சாவது படிக்கற வாலு?

அக்கா: எங்கக்கா பையன்.

மாணவி: பொண்ணு?

அக்கா: பக்கத்து வீடு.

மாணவி: அப்ப எதுக்குக்கா மூணாவதுன்னு சொன்னீங்க?

அக்கா: உனக்கும் முதல் தடவை, எனக்கும் முதல் தடவைன்னா நடுங்கியே செத்திருப்போம்டி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கட்டுமேன்னுதான்...