தண்ணீரில் போடக் கூடாதவை

தேயிலைச் சக்கையைக் கால்வாயில் கொட்டலாமா என்று கேட்டால் எங்கள் படகுத்துறையில் பத்துப் பேர் பதினொரு பதில் சொல்வார்கள். மீன் தின்னும் என்பார் ஒருவர். மக்கிப்போகும் என்பார் இன்னொருவர். நான் கொட்டக் கூடாது என்ற கட்சி. சக்கையை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து வேலியோரச் செடிகளுக்குப் போடுவேன். நீங்கள் டீ கொடுத்தீர்கள் அல்லவா மேடம், அதனால்தான் ஞாபகம் வந்தது. ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

டெஸ்மண்ட் ப்ரூக்ஸ்பி என்ற என்னை அந்தக் கால்வாயில் எல்லோருக்கும் தெரியும். படகிலேயே குடியிருந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் எல்லாப் படகிலும் பக்கவாட்டு ஓட்டை வழியாக நேரே கால்வாயில்தான் விழும். அதை யாரும் தப்பு என்பதில்லை. கழிவறைப் பெட்டியை மட்டும், படகை மேல்மட்டத் தண்ணீரிலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கும் லாக்குக்குக் கீழே உள்ள தொட்டியில் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். அதோடு கடமை முடிந்தது என்று மற்றவர்கள் இருந்துவிடுவார்கள். நான் மீனுக்குக் கெடுதல் இல்லாத சோப்பைத் தேடி வாங்குகிறவன். புதிதாக யார் வந்து படகைக் கட்டினாலும் ஒரு தாள் கொடுப்பேன். 'தண்ணீரில் போடக் கூடாதவை' என்று தலைப்பு, கீழே பதினான்கு பொருள்கள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

பெவர்லி முகத்துக்கு நேரே சிரிப்பாள். என் படகுக்கு அடுத்தது அவள் படகு. அறுபது வயது, தனியாள், சத்தமான மனுஷி. தாளைக் கொடுத்த அன்றைக்கே அதில் மீன் வறுவலைச் சுற்றிவைத்துத் தின்றாள். சாம்பல், தேயிலை, உருளைக்கிழங்குத் தோல் எல்லாவற்றையும் சன்னல் வழியே வீசுவாள்.

"யோவ் டெஸ், வாத்துக்கு ரொட்டி போட்டாக்கூட கேஸா?"

"ரொட்டி வாத்துக்கு ஆகாது பெவ். தண்ணியும் கெட்டுப்போகும்."

"அத வாத்துகிட்ட போய்ச் சொல்லு. அது வேணாம்னு சொல்லட்டும், நிறுத்திடறேன்."

ஆறு வருடம் இப்படித்தான் போனது. பகை என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்தவள் அவள்தான்.

இந்த மே மாதம் என் படகின் பக்கவாட்டில் தொங்கும் டயரில் ஒரு நீர்க்கோழி கூடு கட்டியது. எட்டுக் குஞ்சு. தினம் காலையில் எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். அடுத்த நாள் ஆறுதான் மிச்சம், அப்புறம் மூன்று. இறகெல்லாம் பிசுக்கு ஒட்டி, மிதக்க முடியாமல் போய்ச் செத்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கரையில் புதைத்தேன். என் மனைவி போனபோதுகூட அப்படி அழவில்லை என்று நினைக்கிறேன். பிறகு படகு படகாகப் போய், பெவர்லி எஞ்சின் எண்ணெயைக் கொட்டுகிறாள் என்று சொன்னேன். நான் சொன்னால் நம்புவார்கள். அவளோடு பேசுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சன்னல் வழியே எதையும் வீசுவதை அவளும் நிறுத்திவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் கழிவறைப் பெட்டியைக் காலிசெய்ய லாக்கைத் தாண்டிக் கீழே போக வேண்டியிருந்தது. மதகைத் திறக்கும் சாவியை முந்தின வாரம்தான் தண்ணீரில் தவறவிட்டிருந்தாள். சாவி என்பது பழக்கத்தில் சொல்வது, அது வளைந்த ஒரு கைப்பிடிதான். இரும்பாக இருந்தால் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தேடி எடுத்துவிடலாம். அவள் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டாள். என்னைக் கேட்டாள், என் சாவியோடு நானும் போனேன். நல்ல மழை. கரையில் ஈ காக்கை இல்லை.

அங்கே எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படகு லாக்குக்குள், இரண்டு கதவுகளுக்கு நடுவே வந்ததும் மேல் கதவை மூடினேன். கீழ் மதகில் ஒன்றை மட்டும் திறந்தேன், நான் நிதானமான ஆள். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மேல் கதவின் அடியில் கல் திண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் திண்டில் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் இறங்க இறங்க மூக்கு கவிழும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பெவர்லி சுக்கானை விட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்கு டீ போட.

படகு முன்னால் இருந்த கீழ்க் கதவில் லேசாக இடித்துப் பின்னால் நகர்ந்தது. கோட்டைத் தாண்டுவதைப் பார்த்தேன். திண்டில் ஏறும் சத்தத்தையும் கேட்டேன். முன்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. உள்ளே பாத்திரங்கள் சரிந்தன, பிறகு பெரிதாக ஏதோ சரிந்தது, அவள் வழியை அடைத்திருக்க வேண்டும்.

"டெஸ், மதக மூடு. டெஸ், மூடுய்யா."

எங்கள் லாக்கில் மதகு தானாக விழாது. எத்தனை சுற்றில் திறந்தோமோ அத்தனை சுற்றுச் சுற்றித்தான் மூட வேண்டும். இருபத்திரண்டு சுற்று. அரை நிமிட வேலை. சாவி மதகிலேயே மாட்டியிருந்தது, என் கையும் அதன் மேல் இருந்தது. அதைக் கழற்றினேன். தண்ணீரில் எறிந்தேன்.

பதற்றத்தில் கைநழுவி விழுந்துவிட்டது என்று அன்றைக்கு விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். நீங்கள்கூட என் தோளில் தட்டிக்கொடுத்தீர்கள். துறையில் எல்லோரும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கேக், ரொட்டி, ஒரு முழுக் கோழி. எதுவும் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கெட்டில் விசில் அடிப்பது கேட்கிறது. அது கொதித்திருக்க முடியாது, நேரமே இல்லை. ஆனாலும் கேட்கிறது.

இப்போது அந்தப் பேச்சு. லாக் நிரம்பக் காத்திருந்தபோது அவள் சொன்னாள்:

"டெஸ், கோவிச்சுக்காத. உன் எஞ்சினுக்கு அடியில ஒரு பம்பு இருக்குல்ல, அது தானா ஓடி எண்ணெய்த் தண்ணியா வெளிய துப்புது. நாலு நாளா பாக்கறேன். அந்தக் கோழிக் கூட்டுக்கு நேரா."

நான் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை படகுக்காரங்க கூட்டத்துல மெதுவா சொல்லிடறேன்யா. உன்ன அசிங்கப்படுத்த இல்ல. எம்மேல இருக்கற பழி போகணும்ல. சரி விடு, நனைஞ்சுபோய் நிக்கற, தண்ணி இறங்கறப்ப ஒரு டீ போட்டுத் தரேன்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் விஷயத்தில் அது பொய் மேடம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். பம்பு ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கறுப்பாக வந்தது. மிச்சமிருந்த மூன்று குஞ்சும் அதில்தான் கிடந்தன. பதினான்கு பொருள் எழுதிய கை இது. அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நேற்று அவள் தங்கை வந்தாள். கையில் அஸ்திப் பெட்டி. கால்வாயில் கரைக்கலாமா என்று கேட்டாள்.

"உங்களத்தான் கேக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்களே உங்க கையால கரைச்சிடுங்க. ஃபோன்ல எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவா, சிரிப்பா."

கரைக்கலாம், சாம்பல் தண்ணீருக்கு ஒன்றும் செய்யாது என்றேன். என்னால் பெட்டியைத் தொட முடியவில்லை. இன்று காலை பம்பின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒரே ஒரு உதவி மேடம். அஸ்தியைக் கரைப்பதற்கு முன்னால் அந்தச் சாவியை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆட்கள் இரண்டு நாள் காந்தம் போட்டுத் தேடினார்கள், பாவம், கிடைக்காது. அது அலுமினியம். கீழ்க் கதவின் இடப்பக்கம், சுவரிலிருந்து மூன்றடி. பத்தொன்பது வருடத்தில் நான் என் கையால் தண்ணீரில் போட்டது அது ஒன்றுதான், அதுவும் அங்கே கிடக்கக் கூடாது.