ரெண்டு எர்த்து போட்ட பாட்டு

பாத்து பாய், அந்த வயர மிதிச்சிடாதீங்க. எர்த்து வயரு. நீங்க சொல்லித்தான் போட்டேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா? சன்னல் வழியா பாருங்க, கொய்யா மரத்தடியில ஒரு சிமெண்டு மூடி தெரியுதுல்ல, அது மொத எர்த்து. இந்தப் பக்கம் அடிபம்பு ஓரமா இருக்கே, அது ரெண்டாவது. எங்க ஊரு ரைஸ்மில்லுக்கே ஒண்ணுதான். நம்ம வீட்டுக்கு ரெண்டு. இடி விழுந்தாகூட எது வழியா எறங்கறதுன்னு அதுக்கே கொழம்பிடும்.

உக்காருங்க. சேரா? சேரெல்லாம் கெடையாது, கிறீச்சுன்னு கத்துதுன்னு வெளிய தூக்கிப் போட்டாச்சு. அந்த நெல்லு மூட்டை மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. கொரல மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்குவோம். நீங்க இன்னும் வாயே தொறக்கலங்கறீங்களா? அதுவும் சரிதான். இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குறாரு. எல்சி டீ போட்டு எழுப்பற வரைக்கும் இப்படியே குசுகுசுன்னு பேசிக்கிட்டிருப்போம். எல்சி என் வீட்டுக்காரி. ஆமா, நம்ம ரெக்கார்டிங் வாட்சப் குரூப்புல சிஸ்டர் வாய்ஸ் சூப்பர்னு நீங்க எழுதுவீங்களே, அவதான். அண்ணன் வாய்ஸ பத்தி இன்னிவரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதல, அது கெடக்கட்டும்.

நேர்ல நீங்க வேற மாதிரி இருக்கீங்க பாய். குரூப்புல உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு புலி பாக்கும். நீங்க எழுதற கமெண்ட்ட படிச்சிட்டு, நன்னிலத்துல கண்ணாடி ரூம்ல ஏசி போட்டு, சுத்தற நாற்காலில உக்காந்திருப்பாருன்னு நெனச்சிருந்தேன். கல்யாண வீடியோவா பண்றீங்க? நல்லது நல்லது. நான் மட்டும் என்ன, உரக்கடை. பகல்ல பொட்டாஷ் தீந்துபோச்சுன்னு பதில் சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து, பாட்டுல சத்தத்த சமமாக்கற கம்ப்ரசர எவ்வளவுல வைக்கலாம்னு உங்ககிட்ட சண்டை போடறேன். ராம்கி இன்சூரன்ஸ் ஏஜெண்டு. பரிதி ஸ்கூல் வேன் ஓட்டறாரு. ஆனா குரூப்ப தொறந்தா போதும், எல்லாரும் லண்டன்ல பொறந்து வளந்த மாதிரிதான் பேசறோம்.

இந்த மூட்டைய வச்சு என்னை என்ன பாடு படுத்துனீங்க! சொவத்துக்கு ஃபோம் வாங்கி ஒட்டுங்க ப்ரோ, எக்கோ வருதுன்னீங்க. ஃபோம் வெலைய பாத்தேன், வீட்ல இருந்த நெல்ல பாத்தேன். மூட்டைய சொவரு ஒசரத்துக்கு அடுக்குனேன். சும்மா சொல்லக்கூடாது, எக்கோ செத்துப்போச்சு. என்ன, கொள்முதலுக்கு நெல்ல ஏத்தி அனுப்புன மறுநாளே கோயில் மணிக்கூண்டுக்குள்ள நின்னு பாடற மாதிரி ஆயிடும். அதனால நம்ம ஸ்டுடியோவுல குறுவைக்கு ஒரு சவுண்டு, சம்பாவுக்கு ஒரு சவுண்டு. ஒரே பாட்டோட மொத அடி மூட்டையோட, கடைசி அடி மூட்டை இல்லாம. அதுக்கு ராம்கி என்ன எழுதுனாரு தெரியுமா? பேஸ் கொஞ்சம் கொறைங்க ப்ரோ. அவருக்கு எதப் போட்டாலும் அடிச் சத்தம் ஜாஸ்திதான். வெறும் புல்லாங்குழல் போட்டாலும் பேஸ் கொறைங்க ப்ரோ. போன் ஸ்பீக்கர்ல, பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டு கேக்கறவருக்கு எங்கேருந்துதான் பேஸ் கேக்குதோ!

பரிதி அதுக்கும் மேல. ஒரு பென் டிரைவ் நெறைய, பாட்டுக்கு மெருகு போடற பிளகின் கொடுத்தாரு, எல்லாம் பூட்டு ஒடைச்சது. போட்டதுலேருந்து லேப்டாப்ப தொறந்தா ரஷ்யா பாஷை மாதிரி ஒண்ணுல என்னமோ கேக்குது. எதுக்கு பொல்லாப்புன்னு ஓகே குடுத்துக்கிட்டே இருக்கேன். வீட்டுப் பத்திரத்த எழுதிக் குடுத்துட்டேனான்னுகூட தெரியல.

சரி, அந்தப் பாட்டுக்கு வரேன். நீங்க வந்ததே அதுக்குத்தானே.

எங்க சபையில அறுப்பின் பண்டிகை வருதுல்ல. மொத வெளைச்சல கொண்டாந்து வச்சு, பூசணிக்காயையும் சேவலையும் ஏலம் விட்டு, ஒரே ரகளையா இருக்கும். அன்னிக்குப் பழைய ஞானப்பாட்டு ஒண்ண நாலு கொரல்ல பாடணும், அது வழக்கம். பாடகர் குழுன்னு ஒண்ணு இருந்துச்சு. பாதி பேரு துபாய்ல, மீதி பேரு திருப்பூர்ல. எங்க சபை போதகரு, ஐயருன்னுதான் கூப்பிடுவோம், அவரு என்னைக் கூப்ட்டு, கிளாட்சா, நீதான் என்னென்னமோ மெஷின்லாம் வச்சிருக்கியாமே, ரெக்கார்ட் பண்ணி பென் டிரைவ்ல கொண்டா, ஸ்பீக்கர்ல போட்டுடலாம்னுட்டாரு. மேல ரெண்டு கொரலும் எல்சி. மூணாவது நான். நாலாவது, அடியில போற கொரலு, அதுக்கு ஆளில்ல. கீபோர்டுல வாசிச்சு வச்சேன், கல்யாண பேண்டு மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன். ஐயரு கேட்டா அது மௌனமா பாடுதுன்னு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

முன்ன யாரு பாடுனாங்களா? அப்பாதான் பாய். அந்தக் கொரலுக்கு சபையில அவரு ஒருத்தருதான். கடைசி அடியில புத்தகத்துல இருக்கறதுக்கும் ஒரு படி கீழ எறங்குவாரு, அப்படி எறங்கக்கூடாதுன்னு ஆர்கன்காரரு வருஷா வருஷம் சண்டைக்கு வருவாரு. அப்பா அடுத்த வருஷமும் எறங்குவாரு. இப்ப படுக்கையில இருக்காரு. ஸ்ட்ரோக். வலது கை, வலது காலு, பேச்சு, மூணையும் ஒரே நாள்ல கொண்டுபோயிடுச்சு. தண்ணி வேணும்னாகூட சொல்ல வராது, சொம்ப பாப்பாரு, நாம புரிஞ்சிக்கணும். டாக்டரு இனிமே பேச்சு வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் அவரு வாயிலேருந்து நாங்க ஒரு சத்தம் கேட்டதில்ல.

அது இருக்கட்டும், நம்ம கதைக்கு வாங்க. பாட்ட குரூப்புல போட்டேன். போட்ட உடனே ராம்கி, பேஸ் கொஞ்சம் கொறைங்க ப்ரோ. பேஸே கெடையாதுங்க அதுல! சிரிச்சு சிரிச்சு எனக்கு பொறை ஏறிடுச்சு. அப்பறம் நீங்க வந்தீங்க. ஹெட்போன்ல கேட்டேன், அடியில ஒரு உறுமல் இருக்கு, எர்த்து சரியில்ல. பக்கத்துல எட்டு ஆச்சரியக்குறி. அவ்வளவுதான், குரூப்பே எலக்ட்ரீசியனா மாறிடுச்சு.

நானும் குழி வெட்டற பக்கிரிய கூட்டியாந்து தோண்டுனேன். நம்ம பூமியில எங்க வெட்டுனாலும் தண்ணிதான, எர்த்து போடறீங்களா கெணறு போடறீங்களான்னு அவரு கேக்கறாரு. கரி, உப்பு, தகடு எல்லாம் போட்டு மூடியாச்சு. பாடுனேன். உறுமல் அப்படியே இருக்கு. நீங்க சொன்னீங்க, ஒரு எர்த்து பத்தாது. இன்னொண்ணு தோண்டுனேன். அப்பவும் இருக்கு. அப்பறம் நான் ஒண்ண கவனிச்சு எழுதுனேன், ஞாபகம் இருக்கா? உறுமல் ஒரே எடத்துல நிக்கல, ஏறுது எறங்குதுன்னு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? டெல்டா வோல்டேஜ் அப்படித்தான் ப்ரோ, கரண்டு ஏறி எறங்குது, கூடவே சுதியும் ஏறி எறங்குதுன்னு. அடேங்கப்பா. எவ்வளவு தைரியமா சொன்னீங்க! நானும் தலைய ஆட்டிக்கிட்டு ஸ்டெபிலைசர் வாங்கிட்டு வந்தேனே, என்னைச் சொல்லணும்.

மெயினையே ஆஃப் பண்ணேன். ஃபேன் இல்ல, லைட்டு இல்ல, லேப்டாப்பு பேட்டரில ஓடுது. வேர்வை கண்ணுக்குள்ள எறங்குது, நான் தேவனுக்கு மகிமைன்னு பாடறேன். எல்சி, அந்த மனுசன் உள்ள புழுங்கிக்கிட்டு படுத்திருக்காரு, உங்களுக்குப் பாட்டு கேக்குதான்னு திட்டறா. போட்டுக் கேட்டா, உறுமல். அதுக்கு ஒரு பதில் வச்சிருந்தீங்களே, வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களா? ரெயில்வே லைன்ல கரண்டு போகுதுல்ல, அது காத்துல வருதுன்னீங்க. அதுக்கு நான் என்ன பண்றது பாய், நீடாமங்கலம் ஜங்ஷன தூக்கி வேற ஊர்ல வைக்கச் சொல்லி கலெக்டர்கிட்ட மனு குடுக்கவா?

இதுல வேடிக்கை என்னன்னா, வேற எந்தப் பாட்டு பாடுனாலும் அது வராது. கீர்த்தனை பாடுனேன், வரல. பொறந்தநாள் பாட்டு பாடுனேன், வரல. இந்த ஞானப்பாட்ட எடுத்தா மட்டும், அதுவும் ரெண்டாவது அடியிலதான் வருது. குரூப்புல எழுதுனேன். கரண்டுக்கு ஏதுங்க பக்தின்னு கேட்டேன். ரெண்டு பேரு கட்டை வெரல தூக்கிக் காட்டுனீங்க.

கடைசியா அந்த சாஃப்ட்வேர அனுப்புனீங்க பாருங்க, சத்தத்த சுத்தம் பண்றது. கொஞ்ச நாளைக்கு ஓசி, அப்பறம் காசு. அத மட்டும் கொறை சொல்லமாட்டேன். குயிலு கத்துனது போச்சு. அறுப்பு மெஷினு போச்சு. குக்கரு விசிலு, ரெயிலு ஹாரன் எல்லாம் போச்சு. உறுமலும் போச்சு. தொடச்சு வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி ஆயிடுச்சு பாட்டு. குரூப்புல போட்டேன், ஒரே நெருப்பு பொம்மையா குவிச்சீங்க. இப்பத்தான் ப்ரோ பாட்டு, இத்தனை நாளா பாடுனது குப்பைன்னு பரிதி எழுதுனாரு. ராம்கி வழக்கம்போல பேஸ் கொறைங்கன்னு எழுதுவாருன்னு பாத்தா, எழுதல. இப்ப கரெக்டா இருக்குன்னாரு. எனக்கு அப்பவே சுருக்குன்னு இருந்திருக்கணும்.

அந்த சாஃப்ட்வேர்ல ஓரமா ஒரு பட்டன் இருக்கு, நீங்க பாத்திருக்கீங்களா? தூக்கிப் போட்டத மட்டும் கேக்கறதுக்கு. நான் வேணும்னு அமுக்கல பாய், ஐயருக்குக் குடுக்கறதுக்காக காப்பி எடுக்கப் போயி கை பட்டுடுச்சு. பாட்டு காணாம போயி, வெறும் குப்பை ஓடுது. குயிலு. மெஷினு. விசிலு. நிறுத்தப் போனேன். ரெண்டாவது அடி வந்துச்சு. அந்த உறுமல் வந்துச்சு. தனியா.

அது கரண்டு இல்ல பாய். மூச்சு விடுது. அடி முடியற எடத்துல நிக்குது, மூச்ச இழுத்துக்கிட்டு அடுத்த அடிக்கு வருது. வார்த்தை கெடையாது, வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு. கடைசி அடியில, புத்தகத்துல இருக்கறதுக்கும் ஒரு படி கீழ எறங்குச்சு.

இருங்க, எந்திரிக்காதீங்க. உக்காருங்க. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. சொந்தப் புள்ள எனக்கே அடையாளம் தெரியல. அப்பா கொரல நிறுத்தறதுக்கு ரெண்டு எடத்துல குழி வெட்டுனவன் நானு. எனக்கு அன்னிக்கு அழுகை நிக்கல பாய். எல்சி ஓடியாந்து ஹெட்போன வாங்கி காதுல வச்சா. அவளும் அப்படியே உக்காந்துட்டா.

நேர்ல போயி பாடிப் பாத்தேன். கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்து பாடுனேன். ம்ஹூம். மேல ஓட்டப் பாத்துக்கிட்டு படுத்திருக்காரு. கட்டில் ஓரமா போன ரெக்கார்டுல வச்சு பாத்தோம், கதவுகிட்ட எல்சி நின்னு பாத்தா. ஆள் நிக்கறது தெரிஞ்சாலே நின்னுடுது. நான் இந்த ரூம்ல தனியா பாடணும், அவரு அங்க தனியா இருக்கணும். அப்பத்தான். ஏன் ரெண்டாவது அடின்னும் கண்டுபிடிச்சிட்டேன். அந்த எடத்துலதான் எனக்கு சுதி எறங்கும். சின்ன வயசுலேருந்தே எறங்கும். குழுவுல பக்கத்துல நின்னுகிட்டு, நீ பாடலேன்னா கர்த்தரு ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டாருடாம்பாரு. சொல்லிட்டு அடியில கொரல குடுத்து என்னைத் தூக்கி நிறுத்துவாரு. இப்பவும் அதத்தான் பண்றாரு. பேச்சு போயிடுச்சு, என் பாட்டு மேல இருக்கற அருவருப்பு மட்டும் போகல.

அதனால பாய், உறுமல எடுக்கறதுக்கு உங்கள வரச் சொல்லல. இந்தச் சொவத்துக்கு மேல, ஓட்டுக்குக் கீழ ஒரு சந்து இருக்கு பாருங்க. உங்க நல்ல மைக்க அங்க அந்தப் பக்கம் பாத்து வச்சிடுங்க, வயரு தொங்கறது அவருக்குத் தெரியக்கூடாது. ஐயருக்கு நாலாவது கொரலோடதான் பென் டிரைவ் போகணும். அது ஒண்ணு. இன்னொண்ணு எனக்காக. என் பாட்டு, எல்சி பாட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க. குயில வேணா விட்டு வைங்க. அவரோடத மட்டும் தனியா குடுங்க.

டம்ளர் சத்தம் கேக்குதா? எல்சி டீ குடுத்துட்டா. கதவ சாத்திட்டு போறா பாருங்க. இனிமே நீங்க மூச்சுகூட மெல்ல விடுங்க பாய். பட்டன அமுக்குங்க. நான் தப்பா பாட ஆரம்பிக்கறேன்.