சங்கிலிக்கு ஒரு தணிக்கைத் தடை

காலையில் டீ குடிக்கும்போது, பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் உங்கள் தம்பிக்கு எங்கள் துறையில் ஏதாவது வாய்ப்பு உண்டா என்று கேட்டீர்கள், மேடம். விசாரணைக்கு வந்த இடத்தில் இதைக் கேட்டுவிட்டோமே என்று உடனே நாக்கையும் கடித்துக்கொண்டீர்கள். கூச்சமே வேண்டாம், நல்ல கேள்விதான். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் இதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், எனக்கு இரண்டும் ஒரே விஷயம்தான்.

பொதுத்துறைத் தணிக்கை அருமையான வேலை. பி.காம். தாராளமாகப் போதும். உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கை, வங்கி, மின்வாரியம் என்று எத்தனையோ கதவுகள் திறந்திருக்கின்றன. மரியாதையோ சொல்லி மாளாது. ஆடிட் வருகிறது என்றால் போதும், ஒட்டடை அடிப்பார்கள், வருஷம் முழுக்கச் சுற்றாத மின்விசிறி அன்றைக்குச் சுற்றும், மலையடிவாரத்து ஓட்டலிலிருந்து பொங்கலும் வடையும் சூடாக வந்து இறங்கும். நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்துவிடும்.

இடர் மேலாண்மை அதைவிடப் புதிது. என்ன தப்பு நடந்தது என்று தேடுவது தணிக்கை. என்ன தப்பு நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே பார்ப்பது இடர் மேலாண்மை. ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, இந்த இரண்டையும் எடை போடத் தெரிந்தால் வேலை தெரிந்த மாதிரி. எனக்கு அந்தக் கண் பிறவியிலேயே உண்டு. கல்யாணத்தில் எல்லாரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் படியேறும்போது எந்தத் திருப்பத்தில் நெரிசல் வரும் என்றுதான் என் மனசு ஓடும். உங்களோடு மலைக்கு வந்தால் முருகனே கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறார் என்று என் மனைவி புவனா சலித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு குறையைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இந்தத் துறையில் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காத இடத்துக்கு எதற்கு ஆள் என்று மேலிடம் கேட்கும்.

நான் இந்த நூல் கிடங்குக்கு ஒப்பந்தத் தணிக்கை உதவியாளனாக வந்தவன். பள்ளிப்பட்டு வரைக்கும் உள்ள நெசவாளர்களுக்கு எங்கள் அரசு நூல் கழகம் இங்கிருந்துதான் நூல் கொடுக்கிறது. வருஷா வருஷம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும்வரை புவனா கடைக்காரரைப் பார்த்தால் வேறு தெருவில் போவாள். என் மாமனார் நகரிப் பக்கத்து ஆள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "பர்மனெண்ட் ஆச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் அப்புறம் என்னோடு பேச அவருக்கு எதுவும் இருக்காது. தணிகைமணி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்த வீட்டில் எனக்குப் பெயர் காண்ட்ராக்ட்.

திருத்தணிக் கிடங்குக்கு நிரந்தர இடர் அலுவலர் பணியிடம் ஒன்று வேண்டும் என்று மேலாளர் வேதாசலம் மூலமாகச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பணியிடம் வந்தால் எனக்குத்தான். வயது வரம்பைத் தாண்ட எனக்கு ஒரு வருஷம்தான் மிச்சம். திரும்பி வந்த பதில் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "இதுவரை விபத்து ஏதும் நிகழாத நிலையில், தற்போதுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளே போதுமானவை."

அந்தப் பாதுகாப்பு ஏற்பாடே நான் செய்தது என்பதுதான் வேடிக்கை.

எங்கள் கிடங்கின் சரக்கு லிஃப்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இப்போது இருப்பது புதுசு. பழையது வெறும் இரும்புக் கூண்டு. மேல்மாடியில் நிற்கும்போது சில நாள் பிரேக் வழுக்கிக் கூண்டு ஒரு சாண் இறங்கும். லிஃப்டைப் பார்த்துக்கொண்டவர் துரைக்கண்ணு. பேல் என்று நாங்கள் சொல்லும் நூல் மூட்டைகளை அடுக்க அவர்தான் கூண்டுக்குள் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்ததும், அரக்கோணத்துப் பழைய இரும்புக் கடையில் இரண்டு கனத்த சங்கிலி வாங்கி வரச் சொல்லி, மேல்மாடி உத்தரத்தில் மாட்ட வைத்தேன். கூண்டு மேலே வந்ததும் சங்கிலிக் கொக்கியைக் கூண்டில் மாட்டிவிட்டுத்தான் துரைக்கண்ணு உள்ளே கால் வைப்பார். பிரேக் போனாலும் சங்கிலி தாங்கும். அவர் என்னைக் குலதெய்வமாகவே ஆக்கிவிட்டார். அவித்த வேர்க்கடலையும் பனங்கிழங்கும் கிடைக்கிற காலத்தில் என் மேசைக்குத் தவறாமல் வரும். அவருடைய ஒரே மகள் மோகனப்ரியா காலேஜில் காமர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைப்போல ஒரு வேலை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி போன பிறகு அவருக்கு இருந்ததெல்லாம் அந்தப் பெண்தான்.

சென்னையின் பதிலை வைத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். கோபம் இல்லை, மேடம், நான் கோபப்படுகிற ஆள் இல்லை. நடக்காத விபத்துக்கு யாரும் பணியிடம் தர மாட்டார்கள் என்பது புரிந்தது. நியாயமும்கூட. நடக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்தால், என் இரண்டு சங்கிலிகள்.

ஆண்டுத் தணிக்கையில் அந்தச் சங்கிலிகளுக்கு ஆடிட் அப்ஜெக்ஷன் என்கிற தணிக்கைத் தடை ஒன்று எழுதினேன். ஒப்புதல் பெறாமல் கழகத்தின் சொத்தில் பொருத்தப்பட்டவை, உடனே அகற்றி அறிக்கை தர வேண்டும் என்று. விதிப்படி அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. ஓய்வு பெறப்போகும் மேலாளருக்கு இதைவிடப் பெரிய பேய் கிடையாது. நிலுவையில் ஒரு தடை இருந்தாலும் ஓய்வூதியம் நின்றுவிடும். வேதாசலம் சார் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

துரைக்கண்ணு என்னிடம்தான் ஓடி வந்தார்.

"நீங்கதான சார் மாட்ட சொன்னீங்க?"

"ஆங், நான்தான் சொன்னேன். சாங்ஷன் இல்லாம மாட்டினது தப்புன்னு இப்ப ஆடிட்ல வந்துடுச்சு. கழட்டி வைங்க, முறைப்படி எழுதிப் புதுசா வாங்கிக்கலாம்."

"நீங்க சொன்னா சரிதாங்க சார்."

சங்கிலியை ஒரு கோணியில் சுற்றி என் மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போனார். புதுசு வாங்க நான் எழுதவில்லை.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் பிரேக்கை நான் குறைவாக எடை போட்டிருந்தேன். அப்போதுதான் விசாரித்துப் பார்த்தேன், வருஷம் தவறாமல் அரக்கோணத்திலிருந்து கண்ணையன் என்கிற மெக்கானிக் வந்து அதைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். அந்த வருஷம் அவர் வரும் நாள் நெருங்கியது. போன் செய்து, இந்தத் தடவை வர வேண்டாம், ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனதும் கூப்பிடுகிறேன் என்றேன். அவருக்கும் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலை இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதையெல்லாம் படிக்கும்போது நான் ஏதோ திட்டம் போட்டேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் நினைத்தது காலில் ஒரு எலும்பு முறிவு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், மாவுக்கட்டு, முழுச் சம்பளத்தோடு விடுப்பு. கிடங்கு திறந்ததிலிருந்து துரைக்கண்ணு ஒரு நாள்கூட ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதாகக்கூட நினைத்து வைத்திருந்தேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மலைக்குப் போய்விட்டு வந்திருந்தார், நெற்றி நிறைய விபூதி. பள்ளிப்பட்டு வண்டி கீழே வந்து நின்றிருந்தது. மேலாளர் திருவள்ளூரில் மீட்டிங். துரைக்கண்ணு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"லிஃப்டு நிக்கல சார். காலைலேர்ந்து எறங்கிகினே கீது. இன்னிக்கு வேணாம், படி வழியா ஆள வச்சி எறக்கிடறேன்."

படி வழியாக இறக்கினால் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். வண்டிக்காரர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

"வண்டி வெயிட் பண்ணிகினு இருக்குதுண்ணா. இந்த ஒரு லோடு மட்டும் எறக்கிட்டு நிறுத்திடுங்க. நான் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னதால்தான் அவர் போனார். இடர்களைப் பார்க்கிற ஆள் என்று அந்தக் கிடங்கிலேயே என்னை ஒருவர் நம்பினார் என்றால், அது அவர்தான்.

கூண்டு ஒரு சாண் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். முழுசாக இறங்கிவிட்டது, அவரும் பேல்களும் உள்ளே இருக்கும்போதே. சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் ஓடினேன். அழுதேன், மேடம். நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சென்னையிலிருந்து குழு வந்தது. முன்பே எச்சரித்து எழுதியவன் யார் என்று தேடினார்கள். என் பழைய கடிதம்தான் கிடைத்தது. மாதக்கணக்காக அங்கே இல்லாத சங்கிலியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்ட வேதாசலம் சாரும் பேசவில்லை. பணியிடம் ஒப்புதலானது, எனக்கு வயது வரம்பும் தளர்த்தப்பட்டது. மாமனார் நகரியிலிருந்து ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து, வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். கழகத்தின் எல்லாக் கிடங்குகளுக்கும் புது லிஃப்ட் வந்தது. எத்தனை ஊரில் எத்தனை துரைக்கண்ணுகள் இன்றைக்குப் பத்திரமாக மேலே போய்க் கீழே வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குச் சில நாள் அதை நினைத்துத்தான் தூக்கம் வருகிறது.

கருணை அடிப்படையில் மோகனப்ரியாவுக்கு இங்கேயே இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவனே நான்தான். அப்பா கேட்ட வேலை, அவர் கேட்ட அதே அலுவலகத்தில். துறைத் தேர்வுக்கு மாலையில் அவளுக்குப் பாடமும் எடுத்தேன். அபாரமான மூளை. ஒரு சம்பவத்தைப் பார்த்தால் அதைத் தனியாகப் பார்க்காதே, முன்னால் என்ன மாறியது, பின்னால் யாருக்கு நன்மை என்று கேள் என்று சொல்லிக்கொடுத்தேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வாள்.

போன மாதம் கண்ணையன் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். மோகனப்ரியாவைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருஷம் மட்டும் தணிகைமணி சார் வர வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் பிரேக்கைச் சரிசெய்திருப்பேனே அம்மா என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. நின்றபடியே பேசினாள்.

"சங்கிலி மாட்ட சொன்னது நீங்க. கழட்ட வச்சது நீங்க. கண்ணையன் அண்ணன வர வேணாம்னது நீங்க. அன்னிக்கு எங்கப்பாவ மேல அனுப்பினது நீங்க. இப்ப அந்த வேலைல உட்காந்துகினு இருக்கறதும் நீங்கதான் சார்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு இடத்தில்கூடத் தாவவில்லை, ஒன்றோடு ஒன்று கோத்துச் சொன்னாள். சரியாகச் சொன்னாய், அப்படியே எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு என்றேன். அவள் அனுப்பியதால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். சரியாக எழுதப்பட்ட ஒரு தடைக்கு மறுப்பு எழுதுவது என் பழக்கம் இல்லை. ஆகவே ஒப்புக்கொள்கிறேன். துரைக்கண்ணுவின் சாவுக்கு நான்தான் காரணம். லிஃப்ட் காரணம் இல்லை, பிரேக் காரணம் இல்லை. வாய்ப்பு அதிகம், பாதிப்பு நடுத்தரம் என்று மனசில் குறித்து வைத்திருந்தேன். பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டதுதான் நான் செய்த தப்பு. யாருக்கும் வரக்கூடியது.

என் நாற்காலி இனி காலிதான். அதை மோகனப்ரியாவுக்கே கொடுக்கலாம் என்று நான் சிபாரிசு செய்கிறேன். யார் தயாரித்த பிள்ளை என்று நாளைக்கு நாலு பேர் கேட்டால் எனக்கும் சந்தோஷம்தான். அவள் மனசிலும் அது இருக்கும், வெளியே சொல்லத் தெரியாத பெண். பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ச் மாதம் இல்லையா, கணக்கு முடிக்கிற நேரம், வேலை அதிகமாக இருக்கும்.