பட்டவன் கல்லுக்கு எண்ணெய்

– தல இந்தப் பாறையில கெடந்துச்சு, முண்டம் அந்தா, அந்தக் கருவேலஞ்செடிக்கிட்ட கெடந்துச்சு. கேட்டுக்கிருங்க சாரு, ரெண்டுக்கும் நடுவுல பத்தடி இருக்கும்.

– பத்தடியா? வெட்டுன வேகத்துல அம்புட்டுத் தூரமா உருளும் சிவனாண்டி அண்ணே?

– உருளல போட்டோக்காரத் தம்பி. வெட்டுனவன் முடியப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போயிப் பாறையில வச்சான். ஊரே பாக்கட்டும்னு.

– செம! நில்லுங்க, பாறைய ஒரு படம் எடுத்துக்கிறேன்.

– எதுக்கு வெட்டுனாங்க?

– மடைத் தண்ணி குமாரு சாரு. மொத யாரு வயலுக்குப் பாயுறதுன்னு. வெட்டுனவன் மருது, செத்தவன் வீரணன். ரெண்டு பேரும் பங்காளிக. இப்படி வெட்டுப்பட்டுச் செத்தவன்தான் பட்டவன். அவன் விழுந்த எடத்துல கல்லு நட்டுரணும். திருமங்கலத்துலருந்து இங்க வரைக்கும் குண்டாத்துக் கரையில பதினேழு பட்டவன் இருக்கான். ஒங்க புஸ்தகத்துக்கு இதோட ஆறு காமிச்சுட்டேன்.

– கல்லுல எண்ணெப் பிசுக்கு இருக்கே. வீரணன் வீட்ல ஊத்துறாங்களா?

– அங்கதான் விசயமே இருக்கு. வீரணன் வீட்ல ஊத்த மாட்டாங்க. மருது வீட்லதான் ஊத்துவாங்க.

– வெட்டுனவன் வீட்லயா? என்னண்ணே, கதை விடுறீங்க!

– பின்னே? பட்டவன் சும்மா கெடப்பானா தம்பி? வெட்டுனவன் வீட்ல பிள்ள தங்காது. மருதுக்கு மொத ரெண்டு பிள்ளையும் பால்குடியிலேயே போச்சு. மூணாவது பிள்ள மூச்சுத் திணறவும் ஓடியாந்து இந்தக் கல்லு முன்னால விழுந்தான். இப்ப அவன் பேரன் வருசா வருசம் எண்ணெ ஊத்திச் சேவல் அறுக்கிறான். பேரனுக்குப் பேரே வீரணன்தான், கேட்டுக்கிருங்க.

– அப்ப எண்ணெ ஊத்துற ஆளப் பாத்தா, வெட்டுனது யாருன்னு தெரிஞ்சுரும்.

– தெரிஞ்சுரும் சாரு. போலீசு கேஸ மூடிக் கட்டி வச்சிருக்கும். இங்க வந்து ஒரு நா நின்னாப் போதும். சரி, இப்படி நெழல்ல ஒக்காருங்க. பள்ளத்துல ஊத்துத் தோண்டித் தண்ணி கொண்டாரேன்.

– போயிட்டாரு. மாப்ள, என்னடா ஒரு மாதிரி இருக்க? அவருகிட்டப் போயி பேரு குமாருங்கிற. பீமாராவுங்கிற பேருக்கு என்ன கொறச்சல்?

– அந்தப் பேரச் சொன்னா நான் எந்தத் தெருக்காரன்னு ஒடனே தெரிஞ்சுரும் விஜய். அப்புறம் தண்ணி வராது.

– இந்தக் காலத்துலயா? செல்போன் வந்துருச்சுடா.

– ஒன் செல்லுல இப்ப டவர் இருக்கா?

– இல்ல.

– அப்ப அந்தக் காலம் இங்க வரல.

– சரி, அத விடு. அந்த ஆளு வெட்டு வெட்டுன்னு சொல்லச் சொல்ல நீ ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டுப் பாக்குற. ஏன்?

– எங்கப்பா செத்தது இந்த ஆத்துலதான்.

– ஒங்கப்பா லாரில அடிபட்டுல்ல செத்தாரு?

– அது ஆபீஸ்ல சொல்றது. கண்மாய் மீன் ஏலத்துல அவரும் கையத் தூக்கியிருக்காரு. காலனிக்காரன் கை தூக்குறதான்னு மறுநா இங்க வச்சு அந்தக் கையத்தான் மொத வெட்டியிருக்காங்க. எனக்கு ரெண்டு வயசு. அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஒத்தக்கடைக்கு ஓடியாந்துருச்சு. கேசு நிக்கல. யாரு வெட்டுனதுன்னு இருவத்திரெண்டு வருசமா அம்மா வாயத் தொறக்கல.

– அடப்பாவி. அப்ப ஒரு வருசமா ஞாயித்துக்கெழமை ஆனா சமணர் படுக்கை, இடிஞ்ச மண்டபம், ஆத்தோரம்னு என்னைய நடக்க விட்டது இதுக்குத்தானா?

– நடக்கிறது எனக்குப் பிடிக்கும். அது பொய் இல்ல. ஆனா அழகர்கோவில் அடிவாரத்துல ஒருத்தர் இந்தக் கல்லுகளப் பத்திச் சொன்னாருல்ல, அன்னையிலருந்து தூக்கம் இல்ல.

– கண்டுபிடிச்சு என்ன செய்யப் போற?

– தெரியல.

– இப்படி மொறைச்சுக்கிட்டுத் தெரியலங்காதடா, பயமா இருக்கு. எங்கம்மா கட்டிக் குடுத்த புளிசாதத்தக்கூட இன்னும் பிரிக்கல. வா, அப்படியே திரும்பி ரோட்டுக்குப் போயி பஸ் ஏறுவோம்.

– நீ போ.

– தனியா எப்படிடா விட்டுட்டுப் போறது? வாராரு, பேசாத.

– இந்தாங்க சாரு, ஊத்துத் தண்ணி. ஒங்க பாட்டில் தண்ணியெல்லாம் இதுகிட்ட நிக்குமா? குடிச்சுட்டு ராசா காலத்துக் கல்லு ஒண்ணு இருக்கு, வாங்க. குதிர, வாளு, மீச எல்லாம் செதுக்கியிருக்கும். மார்ல வேலு பாஞ்சு முதுகுல வெளிய வந்து நிக்கும்.

– செம! அதுதாண்ணே வேணும். ரோல்ல இன்னும் நாலு படந்தான் இருக்கு.

– செதுக்காத கல்லு எதுவும் இல்லையாண்ணே? சமீபத்துல நட்டது.

– சமீபத்துலன்னா?

– ஒரு இருவது இருவத்தஞ்சு வருசத்துக்குள்ள.

– அதுல பாக்க என்ன சாரு இருக்கு? அம்மிக்கல்லு மாதிரி கெடக்கும். ஒங்க புஸ்தகத்துக்கு ஆகாது.

– பரவால்ல. அங்க போவோம்.

– சரி, வாங்க. எனக்கும் இன்னைக்கு அங்க ஒரு சோலி இருக்கு. பாத்து எறங்குங்க, இந்தத் துறையில மண்ணு சறுக்கும். அந்தா, மருத மரத்து வேருக்கு நடுவுல தெரியுது பாருங்க.

– இதா? முழங்கால் ஒசரங்கூட இல்லையேண்ணே.

– நாந்தான் நட்டேன் தம்பி. ஒத்தையில உருட்டிக்கிட்டு வந்த கல்லு. எம்புட்டுப் பெருசு உருட்ட முடியும்?

– யாரு இவரு?

– சோணைமுத்துன்னு காலனி ஆளு. மீன் ஏலத் தகராறு. நாலு பேரு மறிச்சாங்க சாரு. மொத வெட்டு வலது கையில. கை துண்டாகித் தண்ணியில விழுந்துச்சு. அவன் ஓடல, கேட்டுக்கிருங்க. குனிஞ்சு எடது கையால அந்தக் கையத் தேடுனான். பின்கழுத்துல போட்டாங்க. அப்பயும் தேடிக்கிட்டே இருந்தான்.

– அண்ணே, போதும்ணே. விடுங்க.

– சொல்லட்டும் விஜய். நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்களேண்ணே?

– பாத்தேன் சாரு. இந்த மரத்தடியில நின்னேன்.

– நின்னு?

– நின்னேன்.

– கோர்ட்டுக்குப் போனீங்களா?

– போனேன். நான் எதையும் பாக்கலைன்னு சொன்னேன்.

– நாலு பேரும் யாரு?

– அத விடுங்க சாரு. வெயில் ஏறுது. இருங்க, இந்தச் சோலிய முடிச்சுட்டு வாரேன்.

– அது என்னண்ணே பாட்டிலு? இருமல் மருந்தா?

– நல்லெண்ணெ தம்பி.

– மாப்ள, வா. மாப்ள, இந்தப் பக்கம் பாரு. வாடா போயிருவோம்.

– இருடா. அண்ணே, கல்லுக்கு யாரு எண்ணெ ஊத்துவாங்கன்னு சொன்னீங்க?

– வெட்டுனவன் வீட்ல.

– இப்ப யாரு ஊத்துறது?

– நாந்தேன்.

– எத்தனை வருசமா?

– கல்லு நட்டதுலருந்து. ஒரு வருசம் தப்புனதில்ல.

– ஏன் நீங்க ஊத்துறீங்க?

– கேக்காதீங்க சாரு. சொல்ல மாட்டேன்.

– சொல்லுங்க.

– மாட்டேன்னா மாட்டேன். தள்ளி நில்லுங்க, எண்ணெ சிந்துது.

– டேய், கையில எடுத்த கல்லக் கீழ போடு! மாப்ள, போடுடா! அண்ணே, திரும்புங்க! அண்ணே!

– யாத்தே!

– எந்தக் கையடா வெட்டுன? எந்தக் கைய? சொல்லு!

– அய்யோ, விடுடா! ரெண்டாவது அடி வேணாம்டா! டேய்! ...அய்யோ. மண்டை பொளந்துருச்சுடா. வெள்ளையாத் தெரியுதுடா உள்ள.

– கைய எடு விஜய். ஒன்னையும் அடிச்சுருவேன்.

– அடி. அடிச்சுக்க. நான் எந்திரிக்க மாட்டேன். என் சட்டைய வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கேன், ரத்தம் நிக்கவே இல்ல. அண்ணே, என்னையப் பாருங்க. கண்ண மூடாதீங்க.

– நல்லாப் பாரு கெழவா. நான் சோணைமுத்து மகன்டா.

– சோணைமுத்து... மகனா? யாரு, பீமாராவா?

– என் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?

– ரெண்டு வயசுல... மூக்கு ஒழுகிக்கிட்டு இருப்ப. இம்புட்டு வளந்துட்டியா.

– அண்ணே, பேசாதீங்க. மாப்ள, ஓடிப் போயி ரோட்ல எந்த வண்டியாச்சும் மறி. ஓடுடா!

– என் பேரு எப்படித் தெரியும்னு கேட்டேன்.

– அமுக்காத தம்பி, வலிக்குது. பீமாராவு, கேட்டுக்க. மத்த பட்டவனுக்கெல்லாம் வெட்டுனவன் வீட்ல ஊத்துவாங்க. ஒங்கப்பனுக்கு எவன் ஊத்துவான்? காலனிக்காரன் கல்லு முன்னால அந்த நாலு வீட்டுக்காரனும் தல குனிவானா? அதுல ஒருத்தன் வீட்ல மூணு எளவு விழுந்துருச்சு. அப்பயும் வரலடா. வீடே அழிஞ்சாலும் வர மாட்டாய்ங்க.

– பொய் சொல்ற. நீதான் வெட்டுன. அதான் ஊத்துற.

– நான் வெட்டல. தடுக்கவும் இல்ல. பாத்துக்கிட்டு நின்ன பாவத்துக்குத்தான் அது என்னையப் பிடிச்சுக்கிச்சு.

– எது? எது பிடிச்சுச்சு? பேயா?

– மாப்ள, அவரு கண்ணு சொருகுதுடா...

– தம்பி, அந்தப் பாட்டில எடு. ஒடையல்லயே? மீதி எண்ணெயக் கல்லுல கவுத்துட்டு, பீமாராவு கையில குடு. வெள்ளிக்கெழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தையில திருப்பிக் குடுக்க நான் வரலைன்னா, காலிப் பாட்டில அவன் வீட்ல குடுத்துரச் சொல்லு. அதக் கண்ணால பாத்தாத்தான் அவங்காத்தா தங்கப்பொண்ணு அடுத்த வருசத்துக்கு எண்ணெ குடுத்துவிடும்.