பால்சுறா கேட்டவள்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் மீன்கூடையோடு ஒரு மீன்காரம்மா. அவள் பக்கத்தில் இருந்தவளின் மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாளாம்.

"பால்சுறா இருக்குதா யக்கா? பொண்ணுக்குப் பாலே ஊற மாட்டேங்குது."

"சுறா விக்கறத வுட்டுட்டேன். புள்ளத்தாச்சிய அறுக்க மனசு வரல."

"மீனுல இன்னா புள்ளத்தாச்சி?"

"பால்சுறா முட்டை வுடாது, குட்டிதான் போடும். போன மாசம் ஒண்ண அறுத்தேன், உள்ள நாலு குட்டி. ஒண்ணு வாலை ஆட்டுச்சு. இப்டியே அறுத்துகினு இருந்தா கடல்ல இன்னா மிஞ்சும்?"

பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டியது. பக்கத்தில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எம்பொண்ணுக்கு இன்னா ஆக்கறது?"

"காரப்பொடி மீனு வாங்கினு போ, அதுக்கும் பால் ஊறும். பூண்டை நெறையத் தட்டிப் போட்டுக் கொழம்பு வெய்யி."

மீன் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் மகளுக்குப் போன் போட்டாள். "சுறா கெடைக்கலம்மா. காரப்பொடி வாங்கியாறேன்."

மீன்காரம்மா அவள் கையைத் தட்டினாள்.

"கெடைக்கலன்னு சொன்னா நாளிக்கி மாப்பிள்ளைய மார்க்கெட்டுக்கு அனுப்புவா. சுறாவே வேணாம்னு சொல்லு."