இடது கதவில் ஒரு கீறல்

மனைவி: ...அப்புறம் அந்த ஏ.சி. விஷயம். வாயைத் திறக்கக் கூடாது.

கணவர்: அவரே கேட்டா?

மனைவி: கேட்டாலும். "நல்லா ஓடுது"ன்னு ஒரே வார்த்தை. போதும்.

கணவர்: நடுசீட்டு வரைக்கும்தானே குளிருது? பின்சீட்டுல உட்கார்றவங்க வேர்த்துக் கொட்டுவாங்களே...

மனைவி: பார்த்தீங்களா? இதைக் கேட்டுத்தான் முன்னாடி வந்தவங்க எல்லாம் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடினாங்க.

கணவர்: நான் விரட்டல. உள்ளதைச் சொன்னேன்.

மனைவி: உங்களை யாரு சொல்லச் சொன்னா? இன்னைக்கு வர்றவரும் முகத்தைச் சுளிச்சிட்டுப் போனார்னா நம்ம பையன் ஒடிஞ்சு போயிடுவான். சொல்லிட்டேன்.

கணவர்: பழைய வண்டி போகலன்னா ஒடிஞ்சு போயிடுவானா?

மனைவி: அவனுக்கு அது பெருசு. விளம்பரம் குடுத்து, ஆள் தேடி... விடுங்க.

கணவர்: அதுசரி, நல்ல கப்பையெல்லாம் இறக்கிக் கழுவி வச்சிருக்கியே? வண்டி பார்க்க வர்றவர் நின்னபடியே பார்த்துட்டுப் போயிடுவார்.

மனைவி: வீட்டுக்கு வர்றவருக்கு மூக்கு உடைஞ்ச கப்புலயா குடுக்கறது? கேட் சத்தம் கேக்குது. வந்துட்டார். சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

வந்தவர்: வணக்கம் சார். விளம்பரம் பார்த்துட்டுப் போன் பண்ணியிருந்தேனே...

கணவர்: வாங்க, வாங்க. இதோ நிக்கறார் பாருங்க, எங்க வீட்டு யானை.

வந்தவர்: யானைதான். தொட்டுப் பார்க்கலாமா?

கணவர்: தாராளமா... என்ன சார், டயரை மூணு தட்டு தட்டறீங்க?

வந்தவர்: சின்ன வயசுப் பழக்கம். எந்த வண்டி ஏறினாலும் மூணு தட்டு. வீட்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க.

கணவர்: ம்...

மனைவி: ஏங்க, ஏன் அவரையே பார்த்துட்டு நிக்கறீங்க? பேசுங்க.

கணவர்: ஒண்ணுமில்ல. கேளுங்க சார்.

வந்தவர்: வண்டி எப்படி? நம்பி ஏறலாமா?

மனைவி: நல்லா ஓ...

கணவர்: நடுரோட்ல நிக்க வச்சதே இல்ல. எத்தனை மலை, எத்தனை மழை... சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடும். ஆனா பின்சீட்டுக்கு ஏ.சி. வராது.

மனைவி: ஏங்க...

கணவர்: காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் இருமும். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிட்டா கையால தூக்கி விட்டாத்தான் ஏறும். டீசல் விஷயத்துல வஞ்சனையில்லாமக் குடிக்கும்.

வந்தவர்: இவ்வளவையும் நீங்களே சொன்னா எப்படி சார் விக்கறது?

மனைவி: நல்லாக் கேளுங்க.

கணவர்: நாளைக்கு உங்க குடும்பத்தை ஏத்திட்டுப் போகும்போது தெரிஞ்சா என்னைத்தானே திட்டுவீங்க? திட்டு வாங்கறதுக்கு எனக்கு வீட்லயே ஆள் இருக்கு.

வந்தவர்: மார்க்கெட்ல இந்த மாடலுக்கு இன்னும் கிராக்கி இருக்காமே?

கணவர்: இருக்கு. ஏழு பேர் இடிச்சுக்காம உட்காரலாம். ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலயும் கிடைக்கும். பெரிய குடும்பம் இதைத்தான் தேடுது. ஆனா ஊருக்குள்ள நிறுத்த இடம் தேடறதுக்குள்ள உயிர் போயிடும். சின்னக் குடும்பம் திரும்பிக் கூடப் பார்க்காது.

மனைவி: நாங்க ரெண்டு பேர் காய்கறி வாங்க இதுல போய் இறங்கினா, கடைக்காரர் வீட்ல கல்யாணமான்னு கேக்கறார்.

வந்தவர்: அப்படியா... யாரு அதிகம் ஓட்டறது? பையனா?

கணவர்: அவனும் ஓட்டுவான்.

வந்தவர்: வேகமா?

மனைவி: அவனா? சைக்கிள்ல போறவங்க முந்திட்டுப் போவாங்க.

வந்தவர்: யாராவது குறுக்க வந்துட்டா... கோவப்பட்டுக் கத்துவானா?

கணவர்: சார், நீங்க வண்டியைப் பத்திக் கேக்கறீங்களா, ஓட்டறவனைப் பத்திக் கேக்கறீங்களா?

வந்தவர்: ஓட்டற கையைப் பொறுத்துத்தானே சார் வண்டி...

மனைவி: கத்த மாட்டான். முணுமுணுப்பான். அதுவும் கண்ணாடியை ஏத்திட்டு.

கணவர்: ஏத்தி ஏத்தித்தான் கண்ணாடி கெட்டுப்போச்சு.

மனைவி: நீங்க சும்மா இருங்க. தூரமாப் போகணும்னா நான்தான் சார் எடுப்பேன். இவர் பக்கத்துல குறட்டை விட்டுட்டு வருவார்.

வந்தவர்: நீங்களா? எங்க வீட்ல பொம்பளைங்க கையில சாவியைக் குடுத்ததே இல்லம்மா. என் பொண்ணு கேட்டுக் கேட்டு அலுத்துட்டா. இப்பல்லாம் கேக்கறதே இல்ல.

மனைவி: குடுத்தா என்ன?

வந்தவர்: பயம்மா. ஒரே பொண்ணு... இது என்ன சார், இடது கதவுல இவ்வளவு நீளக் கீறல்?

கணவர்: அது... நான்தான். வளைக்கும்போது ஒரு தூண்ல தேய்ச்சிட்டேன்.

மனைவி: இத்தனை வருஷம் ஒரு கோடு விழாம ஓட்டின மனுஷன். போன மாசம் என்ன நினைப்புல இருந்தாரோ. நான் திட்டத் திட்ட வண்டியைத் துடைச்சிட்டிருந்தார்.

வந்தவர்: அதையும் மறைக்காம ஒத்துக்கறார் பாருங்க.

கணவர்: ம்...

வந்தவர்: சார், கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா? ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

மனைவி: உள்ள வாங்க. டீ தயாரா இருக்கு.

வந்தவர்: நான் வண்டி வாங்க வரல. உங்க பையன் ஒரு பொண்ணைக் கட்டிக்கணும்னு சொல்லிட்டிருக்கானே... அவளோட அப்பா நான். பொண்ணைப் பெத்தவன்னு சொல்லிட்டு வந்தா எல்லாரும் நல்ல முகத்தைத்தான் காட்டுவாங்க. பழசைத் தள்ளிவிடும்போதுதான் சார் மனுஷன் குணம் தெரியும். அதான்... தப்புன்னா மன்னிச்சுக்கங்க.

மனைவி: சக்கரை போதுமா பாருங்க.

வந்தவர்: ஏம்மா... உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?

மனைவி: நீங்க போன் பண்ணின நம்பரைப் பார்த்ததுமே பையன் கண்டுபிடிச்சிட்டான். அன்னையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கல.

கணவர்: அடிப்பாவி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?

மனைவி: சொல்லியிருந்தா உங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கணவர்: அப்போ குறையைச் சொல்லாதேன்னு ஏன் அந்த விரட்டு விரட்டினே?

மனைவி: நான் செய்யாதீங்கன்னு சொன்ன எதை நீங்க செய்யாம இருந்திருக்கீங்க?

வந்தவர்: பெரிய ஆளும்மா நீங்க. சார், எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. இந்த வீட்ல என் பொண்ணு நிம்மதியா இருப்பா. வண்டியையும் விக்காதீங்க... இனிமே ரெண்டு குடும்பம் ஏறணும். ஒரு பொய் வரலையே சார் உங்க வாயில.

கணவர்: அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு உறுத்துது... நீங்க யாருன்னு எனக்கும் தெரியும்.

மனைவி: என்னது? எப்போலேர்ந்து?

கணவர்: டயரை மூணு தட்டு தட்டினாரே, அப்பவே. அந்தப் பொண்ணும் அப்படித்தான். ஏறும்போதெல்லாம் தட்டிட்டுத்தான் ஏறும்.

மனைவி: ஏறும்போதெல்லாமா? நம்ம வண்டியில அவ எப்போ ஏறினா?

கணவர்: ஞாயித்துக்கிழமையானா டயருக்குக் காத்தடிக்கப் போறேன்னு கிளம்புவேனே...

மனைவி: அதானே. வாராவாரம் எந்த டயர்ல காத்து இறங்கும்னு நானும் யோசிச்சேன்.

வந்தவர்: சார்... என் பொண்ணா? வண்டியா?

கணவர்: அருமையா ஓட்டுது சம்பந்தி. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொல்லிச்சு... அந்தத் தூண்ல தேய்ச்சது நான் இல்ல.